ஏழாம் தெருவின் ஆறு நாய்கள்

அக்டோபர் 21, திங்கள்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது. கைரேகை மெஷின் இன்றுதான் படுத்துக்கொண்டது. எழுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். டோக்கன் எழுதிக் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, மெஷினுக்கு உயிர் வந்ததும் ஒருவர் விடாமல் பாமாயிலும் பருப்பும் கொடுத்து அனுப்பினேன். வேறு ரேஷன் கடையாக இருந்தால் அடிதடி நடந்திருக்கும். ஆவுடையம்மாள் கடையில் நடக்காது.

பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாப் பக்கம் கூச்சல். ஒரு செவலை நாய் வாயில் நுரையோடு ஓடி ஐந்து பேரைக் கடித்துவிட்டது. மீன் விற்கிற ரோஸ்மேரிக்கு முழங்கையில் ஆழமான கடி. நான்கு பேரை ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது ஆள்தான் ரோஸ்மேரி மேல் விழுந்த நாயைச் சைக்கிளைப் போட்டு மறித்து விலக்கியவராம். காலில் ரத்தம் ஒழுக ஒழுக சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். யார் என்று யாரும் கவனிக்கவில்லை.

எனக்கு நாய் பிடிக்காது. கடை வாசலில் ஒன்றையும் படுக்கவிட்டதில்லை.

அக்டோபர் 23, புதன்

செவலை வாய்க்கால் பாலத்துக்கடியில் செத்துக் கிடந்தது. கால்நடை டாக்டர் வந்து பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

முடிவு வந்துவிட்டது. அந்த நாய்க்கு வெறி நோய்.

சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூட்டம். எங்கள் காலனியில் ஏழு தெரு, அறுநூற்றுப் பன்னிரண்டு கார்டு. இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடி நான் பார்த்ததில்லை. காலனிச் சங்கத் தலைவர் துரைப்பாண்டி அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, எல்லா நாய்க்கும் மருந்து வைத்துவிடலாம், ஒரே வாரத்தில் காலனி சுத்தமாகிவிடும் என்றார். பாதிக் கூட்டம் கை தட்டியது.

கால்நடை டாக்டர் ஹெப்சிபா சின்னப் பெண்தான், முப்பது இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினாள். இங்கே இருக்கும் நாய்களைக் கொன்றால் அந்த இடத்துக்கு அடுத்த ஊர் நாய்கள் வரும், அவற்றுக்கு ஊசி போட்டிருக்காது, மறுபடியும் இதே கதைதான் நடக்கும் என்றாள். காலனி நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஒரே நாளில் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் நுழைய வழியிருக்காது. மருந்து அவள் கொண்டுவருவாள். ஆனால் எந்த நாய் எந்தத் தெருவில் இருக்கிறது, யார் கையில் சாப்பிடுகிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். அதை யார் செய்வீர்கள் என்று கேட்டாள்.

கூட்டம் முழுக்கத் தலை குனிந்தது. நான் எழுந்தேன்.

"அறுநூத்திப் பன்னெண்டு கார்டு எங்கிட்ட இருக்கு. எந்த வீட்ல யாரு பொறந்தா, யாரு கல்யாணம் முடிஞ்சு போனான்னு புஸ்தகம் பாக்காமச் சொல்லுவேன். நாலு கால் உள்ளதுகள எண்ணவா தெரியாது?"

சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் மருந்து வைப்பதைப் பற்றிப் பேசவில்லை. துரைப்பாண்டி அண்ணாச்சி முகம் சுண்டிப்போய், "பத்தாந் தேதி வர பொறுப்போம்" என்றார். நவம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை. அதுதான் ஊசி போடும் நாள்.

டாக்டர் போகும்போது, அந்த ஐந்தாவது ஆள் கிடைத்தாரா என்று என்னிடம் கேட்டாள். மற்ற நால்வருக்கும் ஊசி நடக்கிறது. அவருக்கு நடக்காவிட்டால் உயிர் தங்காது, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகி நோய் வெளியே தெரிந்துவிட்டால் உலகத்தில் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். விசாரிக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

காலை ஐந்தரைக்கே கிளம்பினேன். அந்த நேரத்தில்தான் நாய்கள் அதனதன் இடத்தில் இருக்கும். நீளமான நோட்டு, நான்கு கட்டம்: நிறம், அடையாளம், படுக்கும் இடம், சோறு போடும் வீடு.

முதல் தெருவில் ஒன்பது. பால் பூத் அருகே மூன்று கால் கறுப்பு ஒன்று. லாரி ஏறிய கால். மூன்று காலோடு அது ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் நான்காவது எதற்கு என்று தோன்றும். இரண்டாம் தெருவில் ஏழு. மூன்றாம் தெருவில் பதினொன்று. அதில் ஒரு தாய்க்கு நான்கு குட்டி. குட்டி போட்ட இடம் தபால்காரர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அந்த வீட்டு அம்மாள் தினமும் பால் சோறு வைக்கிறார். கார்டில் மூன்று பேர்தான் என்றாலும் அரிசி ஏன் பற்றவில்லை என்று மாதாமாதம் அலுத்துக்கொள்வார். இன்றைக்குத்தான் எனக்குக் காரணம் தெரிந்தது.

எல்லோரும் முதலில், "அது எங்க நாய் இல்லக்கா" என்பார்கள். அடுத்த நிமிஷமே அதன் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

அக்டோபர் 30, புதன்

நான்கிலிருந்து ஏழாம் தெரு வரை முடித்துவிட்டேன். நேற்றும் இன்றும் சேர்த்து ஐம்பத்தெட்டு. அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். நகராட்சியில் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டால் இருக்காது.

ஏழாம் தெருக் கடைசி வீடு பூட்டியிருந்தது. வெளியே சைக்கிள் நின்றது. சைக்கிள் நின்றால் ஆளும் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. வாசலில் சில நாய்கள் படுத்திருந்தன. அவை அங்கேயே இருப்பவையா வந்துபோகிறவையா என்று தெரியாததால் எழுதவில்லை.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

விடியற்காலையிலேயே எண்ணெய்க் குளியல். என் வீட்டுக்காரருக்கு நான் எடுத்த சட்டை கச்சிதமாக இருந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் வெடிச் சத்தத்தைப் பற்றிக் கவலையில்லை. காலையில் ஒரு டப்பாவில் அதிரசம் எடுத்துக்கொண்டு வாக்கிங் போனார். வாக்கிங் போகிறவருக்கு அதிரசம் எதற்கு. நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது டப்பா கையில் இல்லை. அதையும் கேட்கவில்லை.

தெரு முழுக்கச் சரவெடி. என் நாய்கள் ஒன்றும் கண்ணில் படவில்லை. என் நாய்கள் என்று எழுதிவிட்டேன். பட்டியலில் உள்ளவை என்று பொருள்.

நவம்பர் 1, வெள்ளி

மறுபடி எண்ணினேன். பதினான்கைக் காணவில்லை. வெடிக்குப் பயந்து எங்கெங்கோ ஓடியிருக்கின்றன. தெருவுக்கு இரண்டு பேரை அனுப்பி வாய்க்கால், அரிசி ஆலை, கல்லறைத் தோட்டம் எல்லா இடமும் தேடவைத்தேன். பொழுது சாய்வதற்குள் பத்து திரும்பிவிட்டன. மூன்று கால் கறுப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி ரயில்வே கேட்டில் உட்கார்ந்திருந்தது. ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள், மகாராஜா மாதிரி.

கடையைத் திறந்தால் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழுப்பு நாய் நடுங்கிக்கொண்டிருக்கிறது. உடைந்த ஜன்னல் வழியாக வந்திருக்க வேண்டும். கழுத்தில் தோல் பட்டை. அதில் ஒரு ஃபோன் எண், கடைசி இரண்டு இலக்கம் அழிந்துவிட்டது. யாரோ வளர்த்த நாய். தண்ணீர் வைத்தேன். இட்லி வைத்தேன். என் சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு விடவில்லை. பில் போடும்போதும் அப்படியே.

நவம்பர் 3, ஞாயிறு

அழிந்தது இரண்டு இலக்கம் என்றால் நூறு எண்தான் வரும். நேற்று மத்தியானம் தொடங்கினேன். முப்பத்தேழாவது அழைப்பில் ஒரு பெண் நான் பேசி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். எட்டு மைல் தள்ளி ஒரு ஊரில் பள்ளிக்கூட டீச்சர். இன்று காலை புருஷனோடு பைக்கில் வந்து இறங்கினாள். நாய் அவளைப் பார்த்ததும் கத்திய கத்தலில் வரிசையில் நின்றவர்கள் சாமான் வாங்க மறந்து பார்த்தார்கள். மூன்று நாளாக நாங்கள் மூன்று பேரும் சாப்பிடவில்லைம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பற்றி அவர்கள் ஊர் வாட்ஸப்பில் போடப்போகிறாளாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மீதி நான்கு நாயும் வந்து சேர்ந்தன. ஐம்பத்தெட்டும் சரி.

நவம்பர் 4, திங்கள்

டாக்டர் ஹெப்சிபா கடைக்கு வந்து நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். தான் படித்த கல்லூரியில் இப்படி ஒரு சர்வே யாரும் செய்ததில்லை என்றாள். எனக்குப் பத்தாம் வகுப்புதான் என்றேன். பிறகு, ஏழாம் தெருவில் மட்டும் மூன்றே நாய்தானா, கடைசி வீட்டுப் பக்கம் நிறைய நாய் பார்த்தேனே என்று கேட்டாள்.

அங்கே நாய் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாவது ஆளைப் பற்றியும் கேட்டாள். கடி பட்டுப் பதினான்கு நாள் ஆகிவிட்டது என்று அவளே விரல் விட்டு எண்ணினாள்.

நவம்பர் 5, செவ்வாய்

ரோஸ்மேரி கைக்கட்டோடு மறுபடி மீன் கூடையைத் தூக்கிவிட்டாள். சர்க்கரை வாங்க வந்தவள் மற்றவர்கள் போகும்வரை நின்று பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யக்கா, ஒங்க தம்பி கால் எப்படியிருக்கு? அவுக மட்டும் சைக்கிளப் போட்டு மறிக்கலன்னா அந்த நாய் எங் கழுத்தப் புடிச்சிருக்கும். ஆளு யாருன்னே தெரியாம இருந்தேன். நேத்து ஏழாந் தெருவுக்கு மீன் கொண்டுபோனப்பதான் பாத்தேன். காலுல துணி சுத்தியிருக்கு. ஊசி போட்டாச்சாண்ணு கேட்டா, உள்ள போயிக் கதவச் சாத்திட்டாவ. பக்கத்து வீட்லதான் சொன்னாங்க, ரேஷன் கடை அக்கா தம்பின்னு."

சர்க்கரை இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தேன். தராசு சரியாகத்தான் நின்றது.

நவம்பர் 6, புதன்

கடையில் நல்ல கூட்டம். நேரமே இல்லை. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 7, வியாழன்

நேற்று நேரமில்லை என்று எழுதியது பொய். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். அம்மா போனபோது என் தம்பி மாசானத்துக்கு ஒன்பது வயது. எனக்குப் பத்தொன்பது. கல்யாணமாகி வரும்போது அவனையும் இடுப்பில் தூக்கிவராத குறையாகக் கூட்டிவந்தேன். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐடிஐ படிக்கவைத்தோம். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுவதில் அவன் கை போல் இந்த ஊரில் கையில்லை. பிறகு ஐந்தாம் தெரு அங்கன்வாடியில் ஆயாவாக இருந்த பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்றான். நம் ஆட்கள் இல்லை. நான் முடியாது என்றேன். அவன் கட்டிக்கொண்டான். நான் போகவில்லை. இதே காலனியில் ஏழாம் தெருவில் குடிவந்தார்கள். என் கடைக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். கார்டை மாற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு கடையில் அரிசி வாங்கினார்கள். பதினோரு வருஷம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அன்றைக்கு நான் கடையைத் திறந்து வைத்திருந்தேன். நூற்று நாற்பது பேருக்குப் பருப்புப் போட்டேன். அது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்கு அன்றே தெரியும்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் ரோஸ்மேரி சொன்னதைச் சொன்னேன். வழக்கமாக இரண்டு முறை சொன்னால்தான் இவருக்குக் கேட்கும். நேற்று முதல் முறையே கேட்டுவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "அந்தப் புள்ள செத்தன்னைக்கு நான் போயிருந்தேன். தீபாவளிக்கும் போனேன். கால நொண்டுனான். ஆணி குத்திட்டுன்னு சொன்னான், நம்பிட்டேன்" என்றார்.

இன்று காலை ஏழு மணிக்கு ஏழாம் தெருக் கடைசி வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆறு நாய். என்னைப் பார்த்து ஒன்றுகூடக் குரைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. மோட்டார் ஒன்றைப் பிரித்துப்போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. நாற்பது வயதுதான்.

நிமிர்ந்து பார்த்தான். உட்காரச் சொல்லவில்லை.

"காலக் காட்டுலே" என்றேன்.

"லிஸ்ட்டுக்கா வந்திருக்க? வெளிய ஆறு படுத்திருக்கு. எழுதிட்டுப் போ."

"காலக் காட்டு."

அவன் அசையவில்லை. நானே குனிந்து வேட்டியை விலக்கினேன். கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்த இடம், மஞ்சள் பூசிக் காய்ந்திருந்தது.

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டேன். மெதுவாகத்தான் சொன்னான். அந்தச் செவலையும் அவன் பெண்டாட்டி குட்டியிலிருந்து சோறு போட்டு வளர்த்ததுதான். அவள் போனபிறகு வாய்க்கால் பக்கம் போய்விட்டது. அவள் கையில் சாப்பிட்ட நாய் கடித்தது என்று வெளியே தெரிந்தால் முதலில் இந்த ஆறுக்கும் மருந்து வைப்பார்கள் என்று பயந்திருக்கிறான். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குள் இருந்துவிட்டான். உனக்கு ஒன்று ஆனால் என்ன செய்வாய் என்றேன். ஆனால் ஆகட்டும், கேட்க யார் இருக்கா என்றான். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆட்டோ நிக்கி. எந்திரி" என்றேன்.

அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். காய்ந்த மாலை, நெற்றியில் பெரிய பொட்டு. நான் அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"பதினோரு வருசத்துல அவ பேர நீ ஒருவாட்டி கூடச் சொன்னதில்ல. அந்தப் புள்ள, அந்த ஆயா, அவன் பொண்டாட்டி. அவ பேரச் சொல்லி என்னயக் கூப்புடு. வாரேன்."

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடம் உருளும் சத்தம். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்திராவுக்காக வாடா" என்றேன்.

நான்கு எழுத்து. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பதினேழு நாள் தாமதத்துக்குத் திட்டினார். இப்போதாவது வந்தீர்களே என்று காயத்தைச் சுற்றிலும் மருந்தை ஏற்றினார், கையில் ஒரு ஊசி. இன்னும் மூன்று தடவை வரவேண்டும்: பத்து, பதினான்கு, டிசம்பர் ஐந்து. தாமதமானாலும் போடாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது, மற்றது போகப் போகத்தான் தெரியும் என்றார்.

காயத்தில் ஊசி இறங்கும்போது அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வயதில் பிடித்த அதே மாதிரி, கட்டைவிரலை உள்ளே மடக்கி.

நவம்பர் 8, வெள்ளி

டாக்டர் ஹெப்சிபாவிடம் போய், ஏழாம் தெருக் கடைசி வீட்டில் நாய் இல்லை என்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். காரணத்தையும் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் பேனாவை என்னிடம் நீட்டினாள். ஆறு வரி சேர்த்தேன். மொத்தம் அறுபத்து நான்கு. சோறு போடும் வீடு என்ற கட்டத்தில் மாசானமுத்து என்று எழுதினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கை வலிக்கிறது. ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் தூங்க முடியாது.

காலை ஆறு மணிக்கே சமுதாயக் கூடத்துக்கு முன்னால் மேஜை போட்டாயிற்று. ஐஸ் பெட்டியில் மருந்து. டாக்டரோடு வலை வைத்திருக்கும் ஆட்கள் இரண்டு பேர். தெருவுக்கு நான்கு பேர் என்று நான் பிரித்து விட்டிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, நாய்களைத் தவிர. வலையைக் கண்டதும் ஒன்று கத்த, ஏழு தெருவும் ஓட்டம் பிடித்தது. ஒன்பது மணிவரைக்கும் நான்கே நாய். அதில் ஒன்று ஒரு பையனின் கால்சட்டையைக் கிழித்துவிட்டது. துரைப்பாண்டி அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான் அன்றே சொன்னேன் என்கிற முகத்தோடு இருந்தார்.

ஒன்பதே காலுக்கு மாசானம் வந்தான். அவனுடைய இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, நொண்டிக்கொண்டே. பின்னால் ஆறு நாய்.

வலையைச் சுருட்டி வண்டியில் போடச் சொன்னான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். தரையில் குந்தி உட்கார்ந்து நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தான். அது விசிலும் இல்லை, சொல்லும் இல்லை. ஆறும் ஒவ்வொன்றாக அவன் முழங்கால்களுக்கு நடுவே வந்து நின்றன. ஒரு கை கழுத்தடியில், ஒரு கை காதுக்குப் பின்னால். டாக்டர் ஊசி போட்டதை நாய்கள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நெற்றியில் பச்சைச் சாயம் ஒரு பொட்டு. அடுத்தது.

ஆறு முடிந்ததும் தெருத் தெருவாகப் போனான். நான் நோட்டோடு முன்னால், அவன் நடுவில், டாக்டர் மருந்தோடு பின்னால். நான் வாசித்தேன்: மூன்றாம் தெரு, தாய் நாய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவன் போய்ப் பக்கத்தில் உட்காருவான். அதற்குச் சோறு போடும் அம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வான். எங்க நாய் இல்லக்கா என்று அன்றைக்குச் சொன்னவர்கள் எல்லோரும் இன்றைக்கு, "மணி, வாடா, ஒண்ணுஞ் செய்ய மாட்டாங்க" என்று கெஞ்சினார்கள். மூன்று கால் கறுப்பு மட்டும் நான்கு தடவை தப்பியது. ஐந்தாவது தடவை அவன் மடியிலேயே படுத்துவிட்டது.

மத்தியானம் துரைப்பாண்டி அண்ணாச்சியைக் காணவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தோம். பார்த்தால், கையில் ரஸ்க் பாக்கெட்டோடு, ஒரு வெள்ளை நாயைத் தாஜா செய்து கூட்டிக்கொண்டு வருகிறார். அது என் பட்டியலில் இருந்த நாய்தான். சோறு போடும் வீடு என்ற கட்டம் அதற்கு மட்டும் காலியாக இருந்தது. இப்போது நிரப்பிவிட்டேன்.

இரண்டாம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் என் காதருகே வந்து கேட்டாள்.

"யாருக்கா அந்த ஆளு? ஆபீஸ்ல இருந்து அனுப்பிச்சிருக்காவளா?"

சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றார்கள். பாதிப் பேருக்கு எங்கள் கதை தெரியும்.

"இல்ல. என் தம்பி" என்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். "என் கூடப் பொறந்த தம்பி, மாசானமுத்து."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். ஆனால் கழுத்து வரைக்கும் சிவந்துபோனது.

அறுபத்து நான்கில் அறுபத்தொன்று. டாக்டர் தன் ஃபோனில் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். இந்த மாவட்டத்தில் தான் பார்த்த எந்த ஊரிலும் இவ்வளவு வந்ததில்லை என்றாள். பெருமையாக இருக்கிறது. அடக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை, இது என் நோட்டு, ஆகையால் எழுதுகிறேன்: பெருமையாக இருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

மூன்றாவது ஊசி. விட்டுப்போன மூன்று நாயையும் மாசானம் இந்த நான்கு நாளில் பிடித்துக் கொடுத்துவிட்டான். அறுபத்து நான்கும் பச்சைப் பொட்டு.

நவம்பர் 22, வெள்ளி

இரண்டு நாளாக மழை. மாசானத்துக்குக் காய்ச்சல் என்று இவர் வந்து சொன்னார். மழைக் காய்ச்சல் ஊரெல்லாம் இருக்கிறது. நான் பதற்றப்படவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன், அவ்வளவுதான். குடை எடுக்க மறந்துவிட்டேன்.

போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவன் எழுந்து உட்கார்ந்து அதை வாங்கினான். நான் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். குடித்தான். முழுச் செம்பும். நிறுத்தாமல்.

"எதுக்கு இப்படிப் பாக்க?" என்றான். சும்மாதான் என்றேன். பின்கட்டுக்குப் போய்ச் செம்பைக் கழுவ எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

நவம்பர் 24, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. மழைக் காய்ச்சல்தான். நான் அன்றே சொன்னேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பக்கத்து வார்டிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுக்கும் பட்டியல் போட்டுத் தரவேண்டுமாம். வந்து சொல்லித் தருகிறேன், எழுத வேண்டியது நீங்கள்தான் என்றேன். நாய் பிடிக்க ஆள் வேண்டுமே என்றார்கள். அதற்கு என் தம்பியைத்தான் கேட்க வேண்டும், காயில் கட்டும் வேலை நிறைய இருக்கிறது, நேரம் பார்த்துத்தான் வருவான் என்றேன். கொஞ்சம் கெத்தாகத்தான் சொன்னேன்.

டிசம்பர் 5, வியாழன்

கடைசி ஊசி போட்டாயிற்று. டாக்டர் காயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி தைரியமாக இருங்கள் என்றார். சீட்டை மாசானம் என்னிடம் கொடுத்தான். நான்கு தேதியிலும் முத்திரை.

ஆட்டோவை ஏழாம் தெருவிலேயே நிறுத்தச் சொன்னான். சாப்பிட்டுப் போ என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. இவர் முன்னாலேயே வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பதினோரு வருஷத்தில் இந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. படத்துக்கு நேர் எதிரே இலை போட்டிருந்தான். சோறு குழைந்திருந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. வாசல் படியில் ஆறு நாயும் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. நன்றாக இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை, ஆனால் கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றான்.

"இந்திரா வைக்கிற மாரி வராது" என்றான் கடைசியில்.

குழம்பில் உப்பு தூக்கல். எப்பேர்ப்பட்ட வீட்டில் சாப்பிட்டாலும் குறையிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் நான்.

இலையை அவன் பக்கம் நகர்த்தி, "இன்னொரு கரண்டி ஊத்துலே" என்றேன்.